மருந்துக்காரர் வீட்டுப் பாத்தி

எங்கள் பின்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பதினான்கு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். சண்டை போட்டுவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது நானும் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் டீத்தூள் தீர்ந்துபோனால் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும். அந்த வீட்டில் அப்படியில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, வேலையும் ஒரே இடத்தில். பந்தயங்கள் நடக்கிற பெரிய மைதானத்தில் அவர் புல்தரைக்கு உரமும் மருந்தும் அடிப்பவர். தெருவே அவரை மருந்துக்காரர் என்றுதான் கூப்பிடும். அவர் பெண்டாட்டியை நான் அக்கா என்பேன், அவள் அங்கேயே இருக்கை வரிசைகளைக் கூட்டிக் கழுவுகிறவள். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், அவர் முன் வாசலில் ஏறுவார், அவள் பின் வாசலில் ஏறுவாள்.

நான் துணி தைப்பவள். என் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இடுப்புயரச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் கொல்லை. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது, காதைக் கழற்றியா வைக்க முடியும்? அந்த வீட்டில் பேச்செல்லாம் மகள் வழியாகத்தான் போய்வரும். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், இருபத்திரண்டு வயது. அக்கா, "சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு" என்பாள். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், "பசிக்கலைன்னு சொல்லு" என்பார். மகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒப்பிப்பாள். அவள் கடைக்குப் போன நேரத்தில் டீ தம்ளர் மேஜைமேல் 'டங்'கென்று விழும் சத்தம் கேட்கும். டீ தயார் என்று அர்த்தம்.

இதற்குக் காரணம் மூத்தவன். இருபத்தாறு வயதில் பைக்கில் போனவன் இறக்கத்தில் லாரிக்கு அடியில் போய்விட்டான். வண்டியைப் பார்த்த மெக்கானிக், பின் பிரேக் கம்பி பல நாளாகவே நைந்திருந்தது, ஓட்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் அந்த வண்டியைக் கடைக்குச் சாமான் வாங்க எடுத்துப் போனது மருந்துக்காரர். அந்த வாரம் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை. பையன் சொல்லாமல் கொள்ளாமல் கிடங்கு வேலையை விட்டுவிட்டான் என்ற கோபம். அந்த மனுஷனின் குணமே அதுதான். கோபம் வந்தால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார், கல்லுளிமங்கன் மாதிரி ஒரு வாரம் வாயை மூடிக்கொள்வார். பிரேக் போனது தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். ஒரு தடவையாவது நேரில் கேளேன் அக்கா என்று நான் சொன்னதற்கு, கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்றாள்.

பையன் விட்டுப்போனதில் உயிருள்ளது ஒன்றுதான். அவனுக்குத் தோட்டக் கிறுக்கு. கொல்லையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி கொத்தி வைத்திருந்தான். கிடங்கில் கூட வேலை பார்த்த யாரோ கொடுத்த கொடி பீன்ஸை மூன்று வருஷம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டு, அதை மாத்திரை டப்பாவில் அடைத்து வைப்பான். பழுப்பு நிறத்தில் வெள்ளைத் தீற்றல் உள்ள விதை. அந்த ரகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கொடுத்த ஆளும் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். பையன் செத்த வருஷம் யாரும் விதைக்கவில்லை. அடுத்த வருஷம் அக்கா டப்பாவைத் திறந்தபோது உள்ளே வண்டு. நாற்பது விதையில் நல்லதாகத் தேறியது பத்தொன்பது.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். இந்த வருஷம் மண்ணில் போடாவிட்டால் இதுவும் போய்விடும், ஆனால் நான் எப்படிக் கொத்துவேன் என்று கேட்டாள். அவளுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோயிருந்தது. நாள் முழுக்க படியேறி இறங்கிக் கூட்டுகிற வேலை. குனிந்தால் நிமிர, பக்கத்தில் எதையாவது பிடிக்கவேண்டும். மண்வெட்டி பிடிக்கக்கூடிய ஆள் வீட்டிலேயே இருந்தார். அவரைக் கேட்பதற்குப் பதில் கையாலேயே தோண்டுவாள்.

யோசனை சொன்ன பாவி நான்தான். தைத்துக்கொண்டே போனில் ஏதாவது பார்ப்பது என் வழக்கம். அதில் ஒரு கிழவர் மண்ணைக் கொத்தாமலே காய்கறி போடுகிறார். மூடாக்கு என்கிறார்கள். களை மண்டிக் கிடக்கிற தரைமேலேயே அட்டையை விரித்து, நனைத்து, அதன்மேல் காய்ந்த புல்லோ வைக்கோலோ ஒரு சாண் உயரத்துக்குப் போட்டுவிட வேண்டியது. வெயில் படாமல் களை அடியிலேயே செத்துவிடும். ஈரம் காயாது, மண்புழு வந்து கொத்துகிற வேலையைப் பார்த்துக்கொள்ளும். அட்டையில் ஓட்டை போட்டு விதையைப் போட்டால் தீர்ந்தது வேலை. சோம்பேறித் தோட்டம் என்று அந்தக் கிழவரே சொல்லிச் சிரிக்கிறார். அக்கா நம்பவில்லை. கொத்தாமல் கொள்ளாமல் எவன் விளைய வைப்பான் என்றாள். சும்மா போட்டுப் பார், வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நான் பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

எனக்குத் துணி வருகிற பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒட்டுத்தாளைக் கிழித்து, கம்பி ஊசிகளைப் பிடுங்கி, அவற்றைச் சுவர் வழியாக நீட்டுவேன். அவள் ஒரு முக்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தபடியே விரித்து, வாளித் தண்ணீரை ஊற்றுவாள், முக்காலியைத் தள்ளுவாள், மறுபடி விரிப்பாள். புல்லுக்கு மைதானம் இருக்கிறதே. வாரம் ஒரு தடவை மெஷின் ஓட்டி வெட்டுகிற புல் பின்கேட் பக்கம் குவிந்து கிடக்கும், கேட்பாரில்லை. முதல் சாக்கைப் பச்சையாகவே கொட்டிவிட்டாள். மறுநாள் பாத்தியிலிருந்து ஆவி வந்தது. கையை விட்டால் சுட்டது, நாற்றம் என் ஜன்னல் வரைக்கும் வந்தது. அதை எல்லாம் கிளறி வெயிலில் உலர்த்தி, பிறகு போட்டாள். இப்படி மூன்று வாரம் போயிற்று. அவளை அந்த மாதிரி ஒரு வேலையில் மூழ்கிப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மத்தியானம் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாத்தியைப் பார்த்துக்கொண்டே தின்பாள்.

பத்தொன்பதையும் போட்டாள். இரண்டை மீதி வை அக்கா என்றேன். வைத்ததைத்தான் வண்டு தின்றதே என்றாள். அதுவும் நியாயந்தான்.

பதினான்கு முளைத்தது. கழுத்தை வளைத்துக்கொண்டு புல்லைத் தள்ளி வெளியே வந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மருந்துக்காரர் வேலையிலிருந்து வந்து பின்படியில் பூட்ஸைக் கழற்றுகிற சாக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். பார்வை முழுக்க பாத்திமேல். அவள் தண்ணீர் வாளியோடு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கொடி முழங்கால் உயரம் வந்த அன்று காலையில் பார்த்தால் கொடிக்கு ஒன்றாகப் பதினான்கு குச்சிகள் நின்றன. யார் நட்டது என்று அக்கா கேட்கவில்லை. பிடுங்கி எறியவும் இல்லை. எனக்கு அப்போது ஒரு நப்பாசை வந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் பேசிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் மகளைக் கூப்பிட்டு ஓதினேன். நீ நடுவில் நிற்கிற வரைக்கும் அவர்களுக்குப் பேசவேண்டிய அவசியமே இல்லை, தூது போவதை நிறுத்து, வேறு வழியில்லாமல் பேசுவார்கள் என்றேன். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி இல்ல. வேணும்னா நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். நல்ல வேலை செய்தோம் என்று நானும் அவளும் ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, பெரிய பந்தயத்துக்காக மைதானம் முழுக்கக் களைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். அடித்தது அவர்தான், விடிகாலையில், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு. ஓரங்களில் சிவப்புக் கொடி நட்டு, மறுநாள் எடுத்துவிடுவார்கள். கொடி இல்லையென்றால் பயமில்லை என்பதுதான் கூட்டுகிற பெண்களுக்குத் தெரிந்த கணக்கு. வியாழன் புல் வெட்டினார்கள். பாத்தியில் புல் அமுங்கி, அட்டை வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. அக்கா வெள்ளிக்கிழமை மூன்று சாக்கு நிரப்பி, மைதானத்துக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சாக்கு காலி. மருந்துக்காரர் மூன்றையும் கொண்டுபோய்க் குப்பை எரிக்கிற குழியில் கொட்டிவிட்டுப் போனதைக் கூட இருந்தவள் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

அக்கா அன்று வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"பாத்தியா? பிள்ளையைத்தான் வாரிக் குடுத்தாச்சு, அவன் போட்ட செடி நாலு தளிர் விடறது கூடப் பொறுக்கல அந்த ஆளுக்கு."

எனக்கும் சுருக்கென்றது. குச்சி நட்ட கையா இப்படிச் செய்தது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதோடு சரி, வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் வீம்புக்கென்றே நான்கு சாக்கு கொண்டுவந்தாள். புல் வெட்டுகிற மெஷின்காரரின் வண்டியில் ஏற்றி, நேரே கொல்லைக்கு. அவர் கண்ணெதிரிலேயே கொட்டினாள். இரண்டு நாள் வெயிலில் கிடந்து காய்ந்த புல், ஆவியும் வரவில்லை, நாற்றமும் இல்லை. முக்காலியைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு தண்டையும் சுற்றிக் கழுத்து வரைக்கும் போட்டு அணைத்தாள். பிறகு நான்கு வாளித் தண்ணீர். அவர் பின்படியில் நின்றிருந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். குழாய் வரைக்கும் வந்தார். வாய் திறந்தது, மூடியது. கை தூக்கினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு புல்லை அமுக்கினாள். அவர் திரும்பி உள்ளே போனார். மகளின் தோளைத் தொட்டு ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். அவள் இயர்போனைக் கழற்றாமலே, அம்மாவிடமே சொல்லுங்கள் என்றிருக்கிறாள்.

பிறகு என்னிடம் வந்தார். பத்து வருஷத்தில் அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருந்தது. நாற்பது சீருடை பாக்கி, வாயில் ஊசி. "ஒரு விஷயம், அவகிட்ட நீ கொஞ்சம்" என்று ஆரம்பித்தார். என் புத்தி எங்கே போயிற்றோ.

"அண்ணே, தூது போற வேலையெல்லாம் யாருக்கும் கிடையாது. பத்தடியில இருக்காங்க, போய்ப் பேசுங்க. வாயில என்ன முத்தா உதிர்ந்துடும்?" என்றேன்.

அவர் சரி என்பது மாதிரி தலையை ஆட்டினார். போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு ராத்திரிக்குள் பேசிவிடுவார்கள் பார் என்று நினைத்துக்கொண்டு காலர் தைத்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். பேசத் தெரிந்தவள் கெடுத்ததற்கு ஒரு பழமொழியும் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை முதல் இலை சுருண்டது. கிண்ணம் மாதிரி மேல்நோக்கிக் குழிந்தது. அதற்கடுத்த இரண்டு நாளில் கொழுந்தெல்லாம் நூல் நூலாகத் திரிந்து, தண்டு முறுக்கிப் பிழிந்த துணியாகிவிட்டது. செடி வாடவில்லை, மஞ்சளடிக்கவில்லை. பச்சையாகவே கோணிக்கொண்டு நின்றது, அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. பூச்சி என்றேன். சாம்பல் தூவினோம். பூண்டு அரைத்துத் தெளித்தோம். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றினாள், அந்தப் புல்லின்மேலேயே. சோறு தட்டில் காய்ந்து கிடக்கும். விடிந்ததும் முதல் வேலையாக வந்து, ஒவ்வொரு கொழுந்தையும் விரலால் விரித்து விடுவாள். விரித்தது மறுபடி சுருளும்.

புதன்கிழமை சாயங்காலம் மருந்துக்காரர் வேலையிலிருந்து வந்தவர் பூட்ஸைக் கழற்றவில்லை. நேராகப் பாத்திக்குள் இறங்கி, மண்டி போட்டு, இரண்டு கையாலும் புல்லை வாரி வாரி வெளியே எறிய ஆரம்பித்தார். நனைந்த அட்டை கிழிந்து கையோடு வந்தது. அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். ஓடுகிற இடுப்பா அது. கையிலிருந்த வாளியாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது தடவை ஓங்கினபோது, திரும்பாமலே சொன்னார்.

"மருந்தடிச்ச புல்லு இது."

பதினான்கு மாதத்தில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. வாளி அப்படியே நின்றது.

"செவ்வாக்கிழமை நான்தான் அடிச்சேன். களை மருந்து. புல்லை ஒண்ணும் செய்யாது. அகல இலை எதுவா இருந்தாலும் முறுக்கிடும். புல்லுலேயே தங்கியிருக்கும், தண்ணி ஊத்த ஊத்த மண்ணுக்குள்ள இறங்கும்."

"சாக்கைக் குழியில கொட்டினது?"

"இதுக்குத்தான்."

"அதைச் சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவர் புல்லை எறிந்துகொண்டே இருந்தார். எனக்குச் சுவரைத் தாண்டிப் போய், என்னிடம் சொல்ல வந்தார் அக்கா, நான்தான் விரட்டினேன் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. போகவில்லை. பிறகு சொன்னேன், இரண்டு நாள் கழித்து. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். முக்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அடுத்து அவள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்காதே அக்கா என்று மனசுக்குள் கத்தினேன்.

"பிரேக்கும் இப்படித்தானா?"

அவர் கை நின்றது. மண்டி போட்டபடியே இருந்தார்.

"முந்தின நாள் நான் ஓட்டினேன். பின் பிரேக் பிடிக்கல. தெரியும். காலையில சொல்லணும்னுதான் இருந்தேன். அவன் என் முகத்தைக் கூடப் பார்க்காம வண்டியை எடுத்தான். எனக்கும் வீறாப்பு வந்துடுச்சு. சாயங்காலம் வரட்டும், சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. சாயங்காலம், சாயங்காலம் என்று இரண்டு தடவை முனகினாள். ரொம்ப நேரம் கழித்து, இந்தச் செடி பிழைக்குமா என்று கேட்டாள். பிழைக்காது என்றார். மண்ணு? ஒரு வருஷம் போனால் சரியாகிவிடும், ஆனால் விதை இல்லையே என்று அவராகவே சொன்னார். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்துதான் பதினான்கையும் பிடுங்கினார்கள். சாக்கின் வாயை அவர் பிடித்துக்கொண்டார், அவள் உட்கார்ந்தபடியே திணித்தாள். உள்ளதும் போச்சு.

அவள் அவரை மன்னித்தாளா என்று தெருவில் கேட்கிறார்கள். கிடையாது. என்னிடமே சொல்லியிருக்கிறாள், செத்தாலும் ஆறாது என்று. ஆனால் இப்போது பேசிக்கொள்கிறார்கள். தினமும் பேசுகிறார்கள். வேலை விட்டு வந்ததும் அவர் பின்படியில் உட்காருவார், அவள் அந்த முக்காலியில். எதிரே வெறும் பாத்தி. அவள் ஒவ்வொரு நாளும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறாள். பையன் போன அன்று அவளுக்கு விடிகாலை வேலை. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாள். அவனைக் கடைசியாகப் பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

நேற்றைக்கும் கேட்டாள். நான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தச் சட்டை?"

"நீலக் கட்டம் போட்டது. கைய மடிச்சு விட்டிருந்தான்."

"சாப்பிட்டானா?"

"ரெண்டு முட்டை. நின்னுக்கிட்டே சாப்பிட்டான்."

"நின்னுக்கிட்டேவா? உட்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லல," என்றார் அவர்.

அக்கா முக்காலியில் இடுப்பை மாற்றி உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "அப்புறம்?"